அரண்மனை ஓவியம் நம்மை எங்கே நிறுத்துகிறது?

சேலம் கும்பினியின், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின், கைக்குப் போனது 1792இல். மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு சுல்தான், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் எதிரணிக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார். பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி), சேலம், திண்டுக்கல், மலபார் ஆகியவை கும்பினியின் பங்குக்கு வந்தன. சொன்னபடி நடந்துகொள்வதற்குப் பிணையாகத் திப்புவின் இரண்டு மகன்கள், அப்துல் காலிக்கும் முயிசுத்தீனும், ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். இருவரும் சிறுவர்கள்.

அந்தச் சிறுவர்களைக் கும்பினியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு தன் பாசறையில் வரவேற்ற காட்சி, அடுத்த சில ஆண்டுகளுக்கு ஆங்கிலேய ஓவியர்கள் விரும்பி எடுத்துக்கொண்ட பொருளாக இருந்தது. இந்தியாவுக்கே வராத மாதர் பிரவுன் என்ற ஓவியர் லண்டனில் இருந்தபடி அதை வரைந்தார். படையோடு கூடவே வந்த ராபர்ட் ஹோம் வரைந்த ஓவியம் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அரண்மனை கிடையாது, கூடாரம்தான். ஆனால் ஓர் அரண்மனை செய்ய வேண்டிய வேலை முழுவதையும் அந்தக் கூடாரம் செய்கிறது. காரன்வாலிஸ் தன் இடத்தில் நிற்கிறார். பிள்ளைகள் அவரை நோக்கி வருகிறார்கள். பெரியவர் இருந்த இடத்தில் இருப்பார், சிறியவர் போய்ப் பார்ப்பார் என்ற வழக்கம் நமக்கும் தெரிந்ததுதான். பிள்ளையின் கையைப் பற்றும் அந்தக் கை கனிவானதாகத் தெரிகிறது. தகப்பனின் நாட்டில் பாதியை வாங்கிக்கொண்ட கை அது என்பதைப் படம் சொல்வதில்லை. ஆட்சி கைமாறியதை உறவினர் வீட்டுக்கு வந்த குழந்தைகளை வரவேற்பதுபோல் காட்டிவிடுகிறது.

சேலத்தில் இருந்துகொண்டு அரண்மனை ஓவியங்களைப் பற்றி எழுதுவதற்கு இதைவிடச் சரியான தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. நம் ஊரின் பட்டா மாறிய கதையே ஒரு தர்பார் ஓவியமாக இருக்கிறது. அரச ஓவியங்கள் எதற்காக வரையப்பட்டன என்ற கேள்விக்கும் அது நேராக இட்டுச் செல்கிறது.

அரண்மனை ஓவியம் என்றதும் தங்கம், தூண், சிம்மாசனம், நகை என்று கண் போகும். அதெல்லாம் செல்வத்தைக் காட்டும். செல்வம் வணிகரிடமும் இருந்தது. அரசனுக்கு மட்டும் உரிய ஒன்று உண்டு: யார் எங்கே நிற்கலாம், எவ்வளவு அருகில் வரலாம், எப்போது உட்காரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை. அரண்மனை என்ற கட்டடமே அந்த உரிமையைக் கல்லிலும் சுதையிலும் எழுப்பியதுதான். வாசல், முற்றம், மண்டபம், உள்மண்டபம், அந்தப்புரம் என்று ஒவ்வொரு படியிலும் சிலர் நின்றுவிடுவார்கள், சிலர் மேலே போவார்கள். ஓவியம் அந்த ஏற்பாட்டை ஒரே பார்வையில் அடங்குமாறு சுவரிலோ தாளிலோ நிறுத்திவைக்கிறது. அதோடு இன்னொன்றையும் செய்கிறது. பார்க்கிற நமக்கும் ஓரிடம் ஒதுக்குகிறது. அந்த இடம் எது என்று கண்டுபிடித்துவிட்டால் ஓவியத்தின் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

தமிழ் மரபுக்கு இது புதிய செய்தியல்ல. சங்க காலப் பாண்டியர் ஒருவரின் பெயரே சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன். ஓவியம் தீட்டிய மாடம் ஒன்று அரசனின் பெயரோடு சேர்ந்து நினைவில் நிற்கும் அளவுக்குப் பெருமை பெற்றிருந்தது. நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலுக்கு மேலே விதானத்தில் வான மண்டலம் எழுதப்பட்டிருக்கிறது. நிலவை விட்டுப் பிரியாத உரோகிணியை அதில் பார்த்து, போர்க்களத்துக்குப் போன கணவனை நினைத்து அவள் பெருமூச்சு விடுகிறாள். அரண்மனை ஓவியம் அதில் வாழ்பவரின் மனத்தைத் தொட்ட அபூர்வமான இடம் அது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டங்களில் ஒன்று சித்திரகாரப்புலி. ஆனால் இந்தப் பழைய மாடங்கள் எதுவும் நம் கண்ணுக்கு மிஞ்சவில்லை. ஓர் அரண்மனைக்குள் நின்று சுவரைப் பார்த்து ஆட்சியைப் படிக்க வேண்டும் என்றால் தமிழ்நாட்டில் நான் முதலில் சொல்லும் இடம் ராமநாதபுரம்.

ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம் என்ற மண்டபம் கிழவன் சேதுபதி காலத்தில் எழும்பியது. அதன் சுவரோவியங்கள் அவருக்குப் பின் வந்த முத்துவிஜய ரகுநாத சேதுபதி காலத்தவை, அதாவது 1713 முதல் 1725 வரையிலான காலத்தவை. கட்டட அமைப்பு கோயிலை ஒத்தது. பெரிய மண்டபம், அதைத் தாண்டி உயரத்தில் இன்னொரு மண்டபம், அதற்கும் உள்ளே கருவறை போன்ற அறை. சேதுவைக் காக்கும் பொறுப்பை ராமபிரானே தங்கள் முன்னோருக்குக் கொடுத்தார் என்பது சேதுபதிகளின் மரபுக்கதை. அரசனைப் பார்க்கப் போகிறவன் சாமி கும்பிடப் போகிறவனைப் போலவே படிப்படியாக உள்ளே போக வேண்டும். இதைக் கட்டடம் சொல்லிவிடுகிறது. மீதியைச் சுவர்கள் சொல்கின்றன.

அந்தச் சுவர்களில் இரண்டு காட்சிகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்றில் மதுரை நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதர் சேதுபதிக்கு ரத்தினாபிஷேகம் செய்கிறார். இன்னொன்றில் குலதெய்வமான ராஜராஜேசுவரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோலைக் கொடுக்கிறாள். முதல் காட்சியில் சேதுபதிக்கு மேலே ஒருவர் இருக்கிறார். அவர் கையால் மரியாதை வருகிறது. இரண்டாவதில் நடுவில் மனிதர் யாரும் இல்லை. தெய்வத்திடமிருந்து நேராகச் செங்கோல் வருகிறது. சேதுபதிகள் மதுரை நாயக்கர்களுக்குக் கட்டுப்பட்டவர்களாகத் தொடங்கி, கிழவன் சேதுபதி காலத்தில் தனியரசாக நிமிர்ந்தவர்கள். பழைய மேலாளின் மரியாதையும் வேண்டும், மேலாள் தேவையில்லை என்பதும் தெரிய வேண்டும். பேச்சில் சொன்னால் முரணாகிவிடும். சுவரில் இரண்டு கட்டங்களாக எழுதிவிட்டால் இரண்டும் உண்மையாக நிற்கும். இதை யோசித்து ஏற்பாடு செய்த அரசவையின் கூர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

தஞ்சை மராட்டியரோடு நடந்த போரும் அங்கே வரையப்பட்டிருக்கிறது. ஐரோப்பியர்கள் சேதுபதியைக் காண வந்த காட்சியும் உண்டு. முத்துக்குளிப்பும் கடல் வணிகமும் நடந்த கரை அது. வணிகம் பேச வந்தவன் தன் ஊர்க்காரன் ஒருவன் தொப்பியும் கோட்டுமாகச் சேதுபதி முன் நிற்பதைச் சுவரில் பார்த்திருப்பான். பேச்சு தொடங்குவதற்கு முன்பே அவன் நிற்க வேண்டிய இடம் எது என்பதை அந்தச் சுவர் அவனுக்குக் காட்டிவிட்டது. அரண்மனைக்குள் அரண்மனையை ஏன் வரைய வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் தேவையில்லை. வரையப்பட்ட தர்பார், உண்மையான தர்பாரில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கான பாடம். பல காட்சிகளுக்குக் கீழே தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறார்கள். படம் மட்டும் போதாது, இன்னார் இன்னாருக்கு இன்னது செய்தார் என்பது ஐயமின்றித் தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு கல்வெட்டின் வேலையும் அந்த ஓவியத்துக்குச் சேர்ந்துவிட்டது.

மேல்தளத்துக்கு அருகே போகப் போகக் காட்சிகளின் தன்மை மாறுகிறது. போரும் தூதும் பின்னுக்குப் போய் அரசனும் பெண்களும், இசையும் ஆட்டமும், நீர் விளையாட்டும் முன்னே வருகின்றன. இதை வெறும் கேளிக்கை என்று ஒதுக்கிவிடக் கூடாது. நாயக்கர் காலம் முதல் அரசனின் போகமும் ஆட்சியின் ஓர் அடையாளமாக எண்ணப்பட்டது. குடிகள் காண முடியாத இடத்தில் அரசன் எப்படி வாழ்கிறான் என்பதே அந்த ஓவியங்களின் பொருள். அந்த அறை வரைக்கும் அனுமதிக்கப்பட்டவன் அதைப் பார்த்தபோதே, தான் எவ்வளவு நெருக்கமானவன் என்று உணர்ந்திருப்பான்.

இனி மைசூர்ப் பக்கம் போவோம். சேலமும் பாராமகாலும் திப்புவிடம் இருந்தபோது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் பாக் என்ற தோட்ட மாளிகை கட்டப்பட்டது. ஆண்டு 1784. தேக்குத் தூண்கள் கொண்ட அந்த மாளிகையின் மேற்குச் சுவரில் 1780 செப்டம்பரில் நடந்த பொள்ளிலூர்ப் போர் விரிகிறது. காஞ்சிபுரம் அருகே நடந்த அந்தப் போரில் கர்னல் பெய்லியின் கும்பினிப் படை திப்புவின் தந்தை ஹைதராலியிடமும் திப்புவிடமும் அடியோடு தோற்றது. ஓவியத்தில் பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார். அவரைச் சுற்றிச் சதுரமாக நிற்கும் சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள் நெருக்கப்பட்டு நிற்கிறார்கள். வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. எதிரே மைசூர்க் குதிரைப்படை வரிசை வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது. இவ்வளவு கலவரத்துக்கும் நடுவில் ஹைதரும் திப்புவும் பவனி போகிறவர்களைப் போல் அமைதியாக இருக்கிறார்கள், மலரை முகர்ந்தபடி.

போர்க்களத்தில் மலர் முகர்வது நடக்கிற காரியம் இல்லை என்று சொல்லலாம். ஓவியனுக்கும் அது தெரிந்திருக்கும். கலங்காமல் இருப்பவன் எவனோ அவனே ஆள்பவன் என்ற எண்ணத்தை அவன் வரைகிறான். பெய்லியின் முகத்தில் திகைப்பு. திப்புவின் முகத்தில் சலனமே இல்லை. இரண்டு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஆயுதத்தில் காட்டப்படவில்லை. முகங்களில் காட்டப்பட்டிருக்கிறது.

அதே மாளிகையின் கிழக்குச் சுவர் இன்னும் என்னைக் கவர்வது. அதில் அடுக்கடுக்காகச் சிறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அரசரோ அரசியோ தத்தம் தர்பாரில் அமர்ந்திருக்கிறார்கள். தஞ்சை ராஜா, காசி ராஜா, மராட்டியரின் பேஷ்வா என்று இந்தியாவின் பல அரசவைகள் அங்கே இருக்கின்றன. பிறருடைய அரண்மனைகளைத் தன் அரண்மனைச் சுவரில் வரைந்துகொள்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். எல்லா ராஜாக்களும் ஒரே அளவுக் கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். சுவரோ ஒருவருக்குச் சொந்தம்.

இந்தப் பொள்ளிலூர் ஓவியத்தின் பிற்காலக் கதையையும் சொல்ல வேண்டும். 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு அந்த மாளிகையில் குடியிருந்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனவர். சிதைந்திருந்த ஓவியத்தை அவர் சரிசெய்ய ஏற்பாடு செய்தார். பின்னர் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்தில் மறுபடியும் அது புதுப்பிக்கப்பட்டது. தங்கள் படை தோற்ற காட்சியை ஆங்கிலேயர்களே பாதுகாத்தது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் பின்னாளில் தாங்கள் தோற்கடித்த பகைவன் எவ்வளவு பெரியவனோ அவ்வளவு பெரிய வெற்றி தங்களுடையது. அந்தச் சுவரைப் பார்த்தபடி அந்த வீட்டில் வாழ்வதே ஓர் உரிமைப் பிரகடனம். கோடும் வண்ணமும் மாறவில்லை. பார்ப்பவர் மாறியதும் ஓவியம் வேறொருவருக்காகப் பேசத் தொடங்கிவிட்டது.

பார்க்கவிடாமல் செய்வதும் ஓர் அதிகாரம். தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையில் உப்பரிகை மாளிகையின் உச்சித் தளத்தில் சுவர் முழுக்கத் தெய்வ ஓவியங்கள். 1750இல் மார்த்தாண்டவர்மா திருவிதாங்கூரைப் பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக்கி, தன்னை இறைவனின் அடியவனாக அறிவித்துக்கொண்டார். அந்த உச்சி அறை இறைவனுக்கு உரியது. அங்கே கட்டில் உண்டு, உடைவாள் உண்டு, விளக்கு உண்டு, மனிதர் உறங்குவதில்லை. இன்றும் பொதுவாகப் பார்வையாளர்கள் அதுவரை போக முடிவதில்லை. திருவிதாங்கூரின் ஆகச் சிறந்த அரண்மனை ஓவியங்கள் குடிகளுக்குக் காட்டுவதற்காக வரையப்படவில்லை. அரசனை எதிர்ப்பது இறைவனை எதிர்ப்பது என்ற நிலையை உண்டாக்கிய ஓர் ஆட்சிக்கு, நாட்டின் உண்மையான உடைமையாளரின் அறை கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதே பொருத்தம்.

வடக்கே முகலாய ஓவியர்கள் இந்த இட ஒதுக்கீட்டைக் கணக்குப் பாடம் போலவே துல்லியமாக்கினார்கள். ஷாஜகானின் வரலாறாக எழுதி ஓவியம் தீட்டப்பட்ட பாதுஷாநாமாவின் பிரதி ஒன்று இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. அதன் தர்பார்ப் பக்கங்களில் பேரரசர் உயரமான மாடத்தில், தலையைச் சுற்றி ஒளிவட்டத்தோடு, பக்கவாட்டில் மட்டுமே காட்டப்படுகிறார். அவர் நம்மைப் பார்ப்பதில்லை. கீழே பிரபுக்கள் பதவிக்கேற்ப அடுத்தடுத்து நிற்கிறார்கள். அவர்களைப் பிரித்துத் தடுப்பழிகள். மாடத்துக்கு அடியில் உள்ள சுவரிலும் ஓவியங்கள் தெரிகின்றன: சிங்கமும் ஆடும் அருகருகே, நீதியின் தராசு, பூகோளம். ஓவியத்துக்குள் இன்னோர் ஓவியம் வைத்து, இந்த ஆட்சியில் வலியவனும் எளியவனும் ஒன்றாக வாழ்வான் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பிரபுக்களின் முகங்கள் தனித்தனியாக அடையாளம் தெரியும் அளவுக்கு உழைத்து வரையப்பட்டவை. தன் முகம் எந்த வரிசையில் இருக்கிறது என்று தேடிப் பார்த்த ஒவ்வொருவருக்கும் அந்தப் பக்கம் ஒரு பதவிப் பட்டியலாக இருந்திருக்கும்.

ராஜஸ்தானில் மேவார் நாட்டின் தலைநகரான உதயப்பூரின் ஓவியர்கள் வேறு வழி போனார்கள். 18ஆம் நூற்றாண்டின் மேவார் ஓவியங்கள் பலவற்றில் அரண்மனையை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒரே சமயத்தில் பார்க்கலாம். அதே மகாராணா ஒரே ஓவியத்தில் பல இடங்களில் இருப்பார்: ஒரு மாடத்தில் பூஜை, ஒரு முற்றத்தில் சபை, ஏரியில் படகு. நாள் முழுவதையும் ஒரு தாளில் அடக்கும் உத்தி என்று இதைச் சொல்வார்கள். இந்த மாளிகையில் அவர் இல்லாத மூலை கிடையாது என்றும் அதைப் படிக்கலாம்.

பிரான்சில் பியேர் படேல் 1668இல் வரைந்த வெர்சாய் அரண்மனைக் காட்சியும் பறவைப் பார்வைதான். நேர்கோட்டுப் பாதைகள் எல்லாம் அரண்மனையை நோக்கி ஓடுகின்றன, தோட்டம் தொடுவானம் வரை அடக்கி ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கிறது, கீழே பதினான்காம் லூயியின் வண்டி வரிசை எறும்புச் சாரை போல் வருகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது. அரசனின் மனக்கண்ணை ஓவியம் நமக்குச் சற்று நேரம் இரவல் கொடுக்கிறது.

இத்தனை அரண்மனைகளும் ஆட்களால் நிறைந்தவை. ஆட்களை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அதற்குப் பதில் மீண்டும் நம் பக்கத்து மலைகளில் கிடைக்கிறது. 1792இல், உடன்படிக்கையின் மை காய்வதற்குள், ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் தென்னாட்டுப் பயணம் கிளம்பினார்கள். பாராமகாலின் ராயக்கோட்டை, வீரபத்திரதுர்க்கம் போன்ற மலைக்கோட்டைகளை வரைந்தார்கள். அந்தப் பகுதி பின்பு சேலம் ஜில்லாவில் இருந்தது. தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்ததே 1965இல்தான். இவர்களின் வரைபடங்கள் 1795க்கும் 1808க்கும் இடையே 144 அச்சுப் படங்களாக லண்டனில் வெளிவந்தன. அவற்றில் மலைக்கோட்டைகள் அழகாக இருக்கின்றன. மேகம், பாறை, மரம், முன்னால் சிறியதாக ஓரிரு மனிதர்கள். சற்று முன்புவரை பீரங்கியும் படையுமாக இருந்த கோட்டைகள் அவை. படத்தில் அவை இயற்கைக் காட்சியாகிவிட்டன.

மதுரையில் அவர்கள் திருமலை நாயக்கர் மகாலை வரைந்தார்கள். 1636இல் எழுப்பப்பட்ட அந்த அரண்மனை அப்போது சிதைந்து கிடந்தது. படத்தின் பெயரிலேயே இடிபாடு என்று சேர்த்துவிட்டார்கள். மாபெரும் தூண்கள், வளைவுகள், அவற்றின் மேல் முளைத்த செடிகொடிகள். அரியணை இருந்த இடத்தில் யாரும் இல்லை. இங்கே பார்வையாளனுக்குக் கிடைக்கும் இடம் ராமநாதபுரத்தில் கிடைப்பதற்கு நேர்மாறானது. அவன் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, யார் முன்னும் நிற்க வேண்டியதில்லை. உரிமையோடு உள்ளே நடந்து போய் நல்ல கோணம் பார்த்து உட்கார்ந்து படம் போடலாம். பழைய ஆட்சி முடிந்தது, இனி இது பார்ப்பவரின் நாடு என்ற செய்தி அந்த அமைதிக்குள் இருக்கிறது. டேனியல்கள் இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கும்பினி உத்தியோகஸ்தர்கள் அல்லர். படம் விற்றுப் பிழைத்த ஓவியர்கள். இடிபாடுகளில் அழகு காணும் ரசனை அன்றைய இங்கிலாந்தில் பரவியிருந்தது. அந்த ரசனை யார் நாட்டில், எப்போது செயல்பட்டது என்பதுதான் அதற்கு அரசியல் பொருளைக் கொடுத்தது. பிறகு 1860களின் பிற்பகுதியில் சென்னை கவர்னராக வந்த நேப்பியர் பிரபு மகாலைப் பழுதுபார்க்க முனைந்தார். இடிபாட்டை ரசித்த ஆட்சி, அதைக் காப்பாற்றும் ஆட்சியாகவும் தன்னைக் காட்டிக்கொண்டது.

சேலத்தில் சுவரோவியம் நிறைந்த அரண்மனை என்று போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை. இப்பகுதியை ஆண்ட குறுநிலத் தலைவர்களான கெட்டி முதலிகளின் பெருமையைத் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலின் கல் சொல்கிறது. ஊருக்குள் இருந்த கோட்டையின் பெயரைக் கோட்டை மாரியம்மனும் கோட்டை அழகிரிநாதரும் சுமக்கிறார்கள். அப்படியானால் சேலத்துக்காரர்களுக்கு அரண்மனை என்றால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? துணியில் வரைந்த ஓவியத்திலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

கம்பெனி நாடகங்கள் ஊர் ஊராகப் போன காலத்தில் காட்சி எழுதிய பின்திரைகளான படுதாக்கள்தான் அவற்றின் பெரிய சொத்து. காடு, தெரு, அந்தப்புரம் ஆகியவற்றோடு தர்பார் படுதா கட்டாயம் இருக்கும். பின்னாளில் கோவில்பட்டியில் காலண்டர் ஓவியங்களால் புகழ்பெற்ற கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதியவர்தான். தர்பார் படுதாவில் இரண்டு பக்கமும் தூண் வரிசை உள்நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும். திரைச்சீலை மடிப்புகள், வளைவுகள், பளிங்குத் தரை. எல்லாக் கோடுகளும் போய்ச் சேரும் புள்ளிக்கு நேராக அரியணை போடப்படும். இந்தத் தூரக்காட்சி முறை ஐரோப்பாவிலிருந்து ஓவியப் பள்ளிகள் வழியாக வந்தது. அதில் ஒரு நுட்பம் உண்டு. கோடுகள் சரியாகக் கூடுவது கொட்டகையின் நடுவில், நேரெதிரே உட்கார்ந்திருப்பவருக்குத்தான். ஓரத்தில் மணல் தரையில் உட்கார்ந்தவருக்குத் தூண்கள் சற்றுச் சாய்ந்தே தெரியும். அரசனுக்கு நேரெதிரான இடம் அதிக விலைச் சீட்டுக்காரருக்குப் போனது. ஷாஜகானின் தடுப்பழிகள் செய்த வேலையில் கொஞ்சம் இங்கே கட்டண விகிதம் செய்தது.

1930களின் நடுவில் டி.ஆர்.சுந்தரம் சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, பரிசோதனைக்கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்த அந்த ஸ்டூடியோவில் ராஜா ராணிக் கதைகள் ஏராளமாகப் படமாயின. படுதாவின் தர்பார் இங்கே மரச்சட்டமும் துணியும் சாந்தும் சேர்ந்த செட்டாக நிமிர்ந்தது. கேமரா வந்ததும் பார்வையாளன் நிற்கும் இடம் நகரத் தொடங்கியது. கேமராவைத் தாழ வைத்தால் படிக்கட்டும் அரியணையும் மலைபோல் எழும். கொட்டகையில் யார் எங்கே உட்கார்ந்திருந்தாலும் எல்லோரும் அரசனின் காலடியில்தான். மேலே வைத்தால் மன்னனின் தோளுக்குப் பின்னாலிருந்து குடிகளைப் பார்க்கலாம். வாழ்நாள் முழுவதும் எந்த ராஜாவின் பக்கத்திலும் நிற்க வாய்ப்பில்லாத ஒரு நெசவாளியையோ வண்டிக்காரரையோ திரைக்கட்டணம் அரியணைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

அந்தத் தர்பார் செட்டுக்குள் அரசியலும் நுழைந்தது. 1944 ஆகஸ்டில் சேலத்தில் கூடிய நீதிக்கட்சி மாநாட்டில்தான் கட்சி திராவிடர் கழகம் என்ற பெயரை ஏற்றது. சர்க்கார் கொடுத்த ராவ் பகதூர் போன்ற பட்டங்களைத் துறக்க வேண்டும் என்ற அண்ணாதுரையின் தீர்மானமும் அங்கேதான் நிறைவேறியது. பட்டமும் தர்பார் மரியாதையும் வேண்டாம் என்று முடிவெடுத்த அதே ஊரில், ஆறாண்டுகள் கழித்து 1950இல், மு.கருணாநிதி வசனம் எழுதிய மந்திரி குமாரி மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக வந்தது. குண்டலகேசிக் கதையை அடியாகக் கொண்ட அதில் ராஜகுருவின் சொல்லுக்கு அரசன் கட்டுப்பட்டுக் கிடக்கிறான். சேதுபதியின் சுவரில் செங்கோல் தெய்வத்திடமிருந்து வந்ததென்று எழுதியிருந்த அதே வகைத் தர்பாரை, செங்கோல் யார் கைப்பாவை என்று கேட்பதற்குப் பயன்படுத்தினார்கள். தூணும் படியும் அரியணையும் அப்படியே. அவற்றின் முன்னே நின்று பேசுகிறவன் மாறினான். அதிகாரத்தைக் காட்ட உருவான ஒரு காட்சிமுறை, அதிகாரத்தைக் கேள்வி கேட்கவும் உதவும் என்பதற்கு இவ்வளவு தெளிவான சான்று வேறெங்கும் எளிதில் கிடைக்காது. சேலம் இதற்காகப் பெருமைப்பட வேண்டும்.

போட்டோ ஸ்டூடியோக்கள் அடுத்த படி. கறுப்பு வெள்ளைக் காலத்துக் குடும்பப் படங்களை எடுத்துப் பார்த்தால் பின்னால் தொங்கும் திரையில் ஒரு தூண், ஒரு கைப்பிடிச் சுவர், படிக்கட்டு, மடித்துக் கட்டிய சீலை இருக்கும். பல வீடுகளில் திருமணத்துக்குப் பின் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்துக்கொண்ட முதல் படம் அதன் முன்னால் எடுத்ததுதான். ஒருவர் நாற்காலியில், மற்றவர் பக்கத்தில் நின்று. யார் உட்காருவது, யார் நிற்பது என்ற அரண்மனைக் கேள்வி அங்கேயும் கேட்கப்பட்டது. பெரும்பாலும் ஆண் உட்கார்ந்தார். இன்றைய ரிசப்ஷன் மேடையில் மகாராஜா சோபா இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடப்படுகிறது. பின்னால் வளைவும் தூணும் மாறவில்லை. உறவினர்கள் வரிசையில் நின்று, படியேறி, பரிசைக் கொடுத்து, படமெடுத்துக்கொண்டு, மறுபக்கம் இறங்கிப் போகிறார்கள். பேட்டி காண்பதும் நஜர் என்ற காணிக்கை வைப்பதுமாக ஒரு முழு தர்பார் ஒழுங்கு இரண்டு மணி நேரத்துக்கு எந்தக் கல்யாண மண்டபத்திலும் நடக்கிறது. இதை ஆடம்பரம் என்று கடிந்துகொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தர்பாரின் கடைசி வரிசையில்கூட இடம் கிடைக்காத குடும்பத்துப் பிள்ளைகள் ஒரு மாலை அந்த மையத்தில் உட்காருவதில் நியாயம் இருக்கிறது.

சேலத்தில் இந்த நியாயம் மிக விரிவாகக் கண்ணுக்குத் தெரிவது ஆடித் திருவிழாவின் வண்டி வேடிக்கையில். ஊரின் குகை என்ற பகுதியில் உள்ள மாரியம்மன் கோயிலை ஒட்டி நடக்கும் அந்த வேடிக்கைக்கு வண்டிகள் மேல் மாடமும் வளைவும் கட்டி, வண்ணம் தீட்டி, விளக்குப் போட்டு, உள்ளூர் ஆட்களே தெய்வங்களாகவும் அரசர்களாகவும் வேடமிட்டு அசையாமல் அமர்ந்து வருவார்கள். அவற்றின் அமைப்பு இதுவரை சொன்ன ஓவியங்களின் அமைப்புத்தான். உயரமான நடு ஆசனம், மேலே விதானம் அல்லது வளைவு, இருபுறமும் சிறியவர்கள், கீழே பார்வையாளர்கள். சலனமற்ற முகம் கூட அப்படியே. பொள்ளிலூர்ச் சுவரின் திப்புவைப் போல இவர்களும் சுற்றிலும் நடக்கும் ஆரவாரத்துக்கு அசைந்து கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு. சேதுபதியையோ ஷாஜகானையோ பார்க்க நாம் போக வேண்டும். இங்கே தர்பார் சக்கரத்தின் மேல் ஏறி நம் தெருவுக்கு வருகிறது. நாம் நின்ற இடத்தில் நிற்கிறோம், காரன்வாலிஸ் நின்றதுபோல. வண்டி வரிசையாக வந்து நம் முன் காட்டிவிட்டுப் போகிறது. அரசன் வேடத்தில் இருப்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்று கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். எந்த வண்டி நன்றாக இருந்தது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையும் தெருவில் நிற்பவர்களிடமே இருக்கிறது. அரண்மனை ஓவியங்களைப் படிக்கப் பழக வேண்டும் என்று நினைப்பவர்கள் ராமநாதபுரத்துக்குப் போவதற்கு முன் ஒரு ஆடியில் குகைக்கு வந்து, வேடமிட்டவர்களைப் பார்ப்பதோடு அவர்களுக்குப் பின்னால் கட்டியிருக்கும் மாடத்தையும், அந்த மாடத்துக்கு வண்ணம் தீட்டியவர்கள் எந்தத் தூணை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் நின்று கவனிக்கலாம்.